கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் விழுகிறதா? விழும் விதத்தைப் பாருங்கள்

"கேம் ஆடினா ஆஃப் ஆயிடுதுண்ணா" என்று கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்படி ஆஃப் ஆச்சு? கரண்ட் போன மாதிரி மொத்தமும் அணைந்ததா? திரை மட்டும் கறுத்து, உள்ளே ஃபேன் கத்தியதா? கேம் மட்டும் மூடிக்கொண்டதா? கலர் கலராகக் கட்டம் வந்ததா? நீலத்திரையா? ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறு. ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து பலருக்குக் கிடைக்கிற பதில், "கார்டு போச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்." புதுக் கார்டு போட்ட பிறகும் அதே மாதிரி விழும்போதுதான் வயிறு எரியும்.

கிராஃபிக்ஸ் கார்டு நிஜமாகவே செத்துப்போவது உண்டு. ஆனால் சேலத்தில் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வெயில், தூசி, கரண்ட் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கை வைப்பதற்கு முன்

விண்டோஸ் தாங்க முடியாத பிழையில் காட்டும் நீலத்திரையை (2025-க்குப் பிறகு அப்டேட் ஆன விண்டோஸ் 11-ல் அதே எழுத்துகள் கறுப்புத் திரையில் வரும்) காட்டிய கையோடு தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். என்ன எழுதியிருந்தது என்று படிக்க நேரம் இருக்காது. 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். அதில் நாள் வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். எந்தக் கேம் எத்தனை மணிக்கு விழுந்தது, அதே நேரத்தில் வேறு ஏதாவது விழுந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைவிட இது படிக்க எளிது. ஏனோ இதை யாரும் திறப்பதே இல்லை.

ஆஃப்டர்பர்னர் மாதிரி மென்பொருள் எதையாவது போட்டுக் கார்டின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் சோதியுங்கள். "மூணு மாசமா அப்படித்தான் ஓடிச்சு" என்பார்கள். அந்த மூன்று மாதம் குளிர்காலமாக இருந்திருக்கும்.

மொத்தமும் டக்கென்று அணைகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

எந்த எச்சரிக்கையும் இல்லை, நீலத்திரையும் இல்லை. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடிக்கொண்டு ஒரு ராத்திரியை வீணாக்காதீர்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது.

இந்த அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டை உள்ளே இருப்பவற்றுக்கு மாற்றித் தரும் பெட்டி. அதிலும் கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட்தான் உங்கள் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைக்கிற உண்மையான தீனி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் இழுக்கும். அதற்குத் தயாரிப்பாளரே 550 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் கார்டுக்கு 320 வாட், எஸ்எம்பிஎஸ் 750. பரிந்துரை இவ்வளவு தாராளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கார்டுகள் சராசரியாக இழுக்கும் அளவைவிட, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, மிக அதிகமாக இழுத்துவிடும். அந்த நொடித்துண்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று "போதும்" என்று அணைத்துவிடுகிறது. பிரவுசரில் படம் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது; கேமில் குண்டு வெடிக்கிற காட்சியில் அணையும்.

'80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்பவையெல்லாம் எவ்வளவு மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான சான்று. உள்ளே போட்ட கெப்பாசிட்டர் எத்தனை கோடை தாங்கும் என்பதை அது சொல்லாது.

இதைச் செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஆஃப்டர்பர்னரில் 'பவர் லிமிட்' அளவை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமுக்குள் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எண்ணிக்கையை 60க்குக் கட்டிப்போடுங்கள். இப்போது விழுவது நின்றுவிட்டால், கோளாறு கரண்டில் அல்லது சூட்டில் இருக்கிறது. கூடவே வெப்ப அளவும் முன்பு நிதானமாகத்தான் இருந்தது என்றால், கை எஸ்எம்பிஎஸ் பக்கம் நீள்கிறது. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு மாலை கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். அப்போது மறக்கக் கூடாத ஒன்று: மாடுலர் வகை என்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். கார்டு பக்க முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றாக இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் ஒயர் வரிசை மாறும். மாற்றிச் சொருகினால் ஹார்டு டிஸ்க் வரைக்கும் போய்விடும்.

கேபிளையும் பாருங்கள். கார்டில் இரண்டு எட்டுப் பின் வாய் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளையும் சொருகிச் சமாளித்திருப்பார்கள். சின்னக் கார்டு என்றால் ஓடிவிடும், பெரிய கார்டில் அதுவே கோளாறாகும். அதைவிட மோசம், சாட்டா கேபிளை எட்டுப் பின்னாக மாற்றும் அடாப்டர். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டது. எட்டுப் பின் 150 வாட் வரை கேட்கும். முனை உருகிப் பழுப்பேறிய பிறகுதான் பலர் அதைக் கவனிக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரிக் கார்டுகளில் வரும் புதிய வகை முனை முழுவதும் உள்ளே போகாமல் நின்றாலும் உருகும். 2022-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம் அது. கடைசி வரை அழுத்தி, இடைவெளி இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டே கேபினட்டை மூடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தும் அணைகிறது என்றால் சுவருக்கு வாருங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று பெயர். பக்கத்தில் தறிகளோ பட்டறை மோட்டாரோ ஓடும் தெருக்களில், எல்லாம் ஒன்றாகக் கிளம்பும் நேரத்தில் லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மெஷின் விழும் நேரமும் அந்த நேரமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். போர் மோட்டார் போட்டால் விழுகிறது என்றால் அது உங்கள் வீட்டு ஒயரிங்கின் பிரச்சினை.

யூபிஎஸ் இன்னொரு பெரிய குழப்பம். கம்ப்யூட்டரோடு வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் சேர்த்துக் கேம் ஓடும்போது அதைத் தாண்டிவிடுவது எளிது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆகாமல், கேம் ஆடும்போது போனால் மட்டும் சேர்ந்து அணைகிறது என்றால் காரணம் இதுதான். வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், அதன் பின்னால் 'யூபிஎஸ்' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேர்ந்த மின்சாரத்தை வைத்து ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம், அதாவது 16, 17 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும். 'நார்மல்' நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அலையும் முக்கியம், விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை. சைன் வேவ் வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அது எர்த் இல்லாத பிளக். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் சுற்று எர்த் வழியாக அனுப்ப வேண்டிய சின்னக் கசிவு, போக வழியில்லாமல் இரும்புப் பெட்டியில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். எர்த் இல்லாத பாயின்ட்டில் ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டினாலும் பாதிப் பயன்தான்.

நன்றாகத்தான் ஓடுகிறது, அரை மணி நேரத்தில் தடுக்கித் தடுக்கி விழுகிறது

இது சூடு. சேலம் 278 மீட்டர் உயரத்தில், சேர்வராயன், நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை என்று சுற்றிலும் மலை சூழ உட்கார்ந்திருக்கிற ஊர். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையோ, ஷீட் போட்ட அறையோ என்றால் பகலில் கான்கிரீட் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. கார்டின் வெப்பம் என்பது அறையின் வெப்பத்துக்கு மேல் ஏறுவது. தை மாதம் 24 டிகிரி அறையில் 72-ல் நின்ற கார்டு, மே மாதம் 38 டிகிரி அறையில் அதே கேமுக்கு 86-க்கு வந்து நிற்கும். கார்டில் எதுவும் கெடவில்லை, ஊர் மாறவில்லை, மாதம்தான் மாறியது.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு கேம் ஆடுங்கள். மூன்று எண்களைப் பாருங்கள்: ஜிபியு (கார்டின் சிப்) வெப்பம், ஹாட் ஸ்பாட் (அந்தச் சிப்பில் மிகச் சூடான புள்ளி), மெமரி வெப்பம். மூன்றும் எல்லாக் கார்டிலும் வராது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட் ஸ்பாட் காட்டுவதில்லை. ஏஎம்டி கார்டுகளில் ஹாட் ஸ்பாட் 110 டிகிரி வரை போகலாம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்து அலற வேண்டாம். ஆனால் சாதாரண வெப்பத்துக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடையே 25, 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் மெமரிதான் முதலில் சூடாகும். 110 டிகிரியில் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுணுக்கம். கார்டு சூடானால் உடனே விழாது, முதலில் வேகத்தைக் குறைக்கும். எஃப்பிஎஸ் இறங்கும், படம் தடுக்கும், அப்புறம்தான் விழும். எந்தத் தடுக்கலும் இல்லாமல் நேராக விழுந்தால் கார்டின் சூட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸும் அதே சூட்டில்தான் கிடக்கிறது.

சோதிக்க வேண்டுமா? கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேராக உள்ளே திருப்பி வையுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் விழுவது நின்றால் காரணம் கையோடு கிடைத்துவிட்டது. அப்புறம் கேபினட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் கதவு வைத்த பொந்திலிருந்து வெளியே எடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் பார்க்க நன்றாக இருக்கும். சேலத்துக்கு வலைக்கண் முகப்புதான் சரி.

தூசியைச் சொல்லாமல் விட முடியாது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களைத் திறந்தாலே தெரியும்: தறிப் பஞ்சு ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். சாதாரணத் தூசியை ஊதினால் பறந்துவிடும். இது பறக்காது, பெயிண்ட் பிரஷ்ஷால் தளர்த்திவிட்டுத்தான் ப்ளோயர் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் கம்பிரஸரில் கொண்டுபோய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், வேண்டாம்.

திரை கறுக்கிறது, 'நோ சிக்னல்', ஃபேன் அலறுகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது

பிராசஸர் உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும் கழன்றுகொண்டது. நண்பரின் குரல் ஹெட்செட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் பொத்தானையும் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள்; கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும். படம் திரும்பினால் டிரைவர் கோளாறு, அடுத்த பகுதிக்குப் போங்கள். திரும்பவில்லை, ஃபேன் நூறு சதவீத வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கார்டுக்குப் போகும் மின்சாரம் தவறுகிறது, அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக இல்லை. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றித் தங்கநிறப் பற்களைச் சுத்தமான துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, 'க்ளிக்' என்று கேட்கும் வரை அழுத்திச் சொருகுங்கள். கனமான கார்டின் நுனி கீழே தொங்கினால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள். முட்டுக்கட்டை என்றே தனியாக விற்கிறார்கள்; அளவான மரத்துண்டும் அதே வேலையைச் செய்யும்.

அதற்கு முன் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சில நேரம் அவ்வளவுதான்.

படம் உறைகிறது, கறுக்கிறது, டெஸ்க்டாப் திரும்பி வருகிறது

விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கார்டுக்கு ஒரு வேலை கொடுத்து இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால், கார்டு மாட்டிக்கொண்டது என்று முடிவுசெய்து டிரைவரை உதறி மறுபடி எழுப்பும். 'டிடிஆர்' என்று இதைச் சொல்வார்கள். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது என்று எழுதியிருக்கும். கேமோ, 'டிவைஸ் ரிமூவ்டு' அல்லது 'டிவைஸ் ஹங்' என்று சொல்லிவிட்டுச் சாகும். கார்டை யாரோ பிடுங்கிவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். டிரைவர் உதறப்பட்டதைத்தான் கேம் அப்படிப் புரிந்துகொள்கிறது.

முதலில் டிரைவரை அடியோடு எடுத்துவிட்டுப் போடுங்கள். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற சின்ன மென்பொருளையும், போட வேண்டிய டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டியுங்கள். துண்டிக்காவிட்டால் இடைவெளியில் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய்ச் சுத்தம் செய்யுங்கள். சேஃப் மோடில் சில மெஷின்கள் பின் எண்ணை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த டிரைவர் போடுவது? புதியதுதான் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த 572 எண் டிரைவர்களில் கறுப்புத் திரைப் பிரச்சினை இருந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டு அடுத்தடுத்துத் திருத்தியது. பழைய கார்டு வைத்திருந்த பலர் 2024 டிசம்பரில் வந்த 566.36-க்குத் திரும்பிப் போய் நிம்மதியாக ஆடினார்கள். போன மாதம் நன்றாக ஓடிய டிரைவர் எது என்று தெரிந்தால் அதையே போடுங்கள்.

டிரைவர் மாற்றியும் தொடர்ந்தால், கார்டின் கோர் வேகத்தை ஆஃப்டர்பர்னரில் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். கடையில் வாங்கும்போதே 'ஓசி' என்று பெட்டியில் போட்டு வரும் கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டவை. வயதான பிறகு அந்த வேகத்தை அவை தாங்குவதில்லை. குறைத்ததும் நின்றுவிட்டால், வாரன்டி இருக்கிறவர்கள் கார்டைக் கொடுத்துவிடலாம், இல்லாதவர்கள் அப்படியே வைத்து ஆடலாம். ஐந்து எஃப்பிஎஸ் குறையும், குடி முழுகாது. ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு நொடியைப் பத்து நொடியாக்கச் சொல்லும் அறிவுரையும் உங்கள் காதுக்கு வரும். பிளெண்டரில் நீளமான வேலை செய்கிறவர்களுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. கேமில் பத்து நொடி உறைந்து நிற்பதால் யாருக்கு என்ன லாபம்?

கலர் கட்டம், புள்ளி, கோடு

கேமில் மட்டும் வருகிறதா, மெஷினைப் போட்டவுடன் பயாஸ் திரையிலேயே வருகிறதா என்று பாருங்கள். பயாஸிலேயே, வேறு கேபிளிலும் வேறு மானிட்டரிலும் வந்தால், டிரைவருக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை. கார்டின் மெமரியோ சிப்போ போய்விட்டது. கேமில் மட்டும் என்றால், மெமரி வேகத்தைக் குறைத்து, சூட்டைப் பார்த்து, ஓசிசிடி மென்பொருளில் இருக்கும் விராம் (கார்டின் மெமரி) சோதனையை ஓட்டுங்கள். அதில் பிழை வந்தால் வாதாட ஒன்றுமில்லை.

கேம் மட்டும் மூடிக்கொள்கிறது

ஒரே கேம்தான் விழுகிறது, மற்றவை ஓடுகின்றன என்றால் கேமைப் பாருங்கள். ஸ்டீமில் கேமின் பெயரில் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்', அதில் சரிபார்க்கும் பொத்தான். டிஸ்க் கிளீன்அப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷை அழியுங்கள். டிஸ்கார்டு மாதிரித் திரைமேல் எழுதும் ஓவர்லேக்களை நிறுத்துங்கள். மோட் போட்டிருந்தால் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பல கேம்கள் மாறி மாறி விழுந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை சொன்னால், கார்டைவிட ரேமைத்தான் சந்தேகிப்பேன். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஒரு நாள் ஆடுங்கள். பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கார்டின் மேல் அநியாயமாகப் பழி விழும் ஓர் இடம் உண்டு. 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று அன்ரியல் எஞ்சின் கேம்கள் ஷேடர் தொகுக்கும்போது விழும். கார்டில் 12 ஜிபி இருக்கும், அதில் பாதிகூட நிரம்பியிருக்காது. பிராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகையா, அதிலும் ஐ7, ஐ9 வகையா என்று பாருங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அந்தச் சிப்புகள் உள்ளுக்குள் தேய்வதை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பயாஸ் அப்டேட் போட்டால் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கலாம், ஏற்கெனவே தேய்ந்தது திரும்பாது. அப்டேட்டுக்குப் பிறகும் விழுந்தால் பிராசஸரை வாரன்டியில் மாற்றுங்கள். பயாஸ் அப்டேட்டை யூபிஎஸ்ஸில் வைத்து, வானம் இருட்டாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே திறக்காது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத்திரை

'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றோ 0எக்ஸ்116 என்றோ இருந்தால், மேலே சொன்ன டிடிஆர் கதைதான். இந்த முறை டிரைவரால் எழுந்திருக்க முடியவில்லை. 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்', 0எக்ஸ்124 என்றால் ஹார்டுவேர்: பிராசஸர், வோல்டேஜ், சூடு. மெமரி என்ற சொல் வரும் நீலத்திரைகள் ரேமிலிருந்து தொடங்கட்டும்.

லேப்டாப் என்றால்

கட்டில் மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளை மூடிக்கொள்ளும். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், வாட் குறைந்ததைப் போட்டால் கேமில் பேட்டரி இறங்கி வேகம் தடுமாறும். டிரைவர் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்ததை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு ஃபேன் அள்ளும் சூடும் குறையும். ஆனால் மே மாதத்திலும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் கணக்கில் நீங்கள்தான் லாபம். மலை மேல் தொல்லை ஈரத்திலும் கரண்டிலும்தான். பனிமூட்ட மாதங்களில் பல நாள் போடாமல் வைத்த மெஷினில் ஸ்லாட் பற்கள் கறுத்துவிடும். மேலே சொன்ன மாதிரி துடைத்துச் சொருகினாலே பல நேரம் சரியாகிவிடும். எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எஸ்டேட் ஓரத்து வீடுகளில் லைனின் கடைசியில் வோல்டேஜ் இறங்கியே வரும், ஸ்டெபிலைசர் வையுங்கள். கோடை இடி இறங்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, நெட் ஒயரையும் பிடுங்குங்கள்.

சேலத்திலிருந்து மெஷினை மேலே கொண்டுபோகிறவர்கள் கார்டைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கிலோ கார்டு அந்தச் சின்ன ஸ்லாட்டில் ஆடிக்கொண்டே போனால், மேலே போய் 'நோ சிக்னல்' வராமல் என்ன செய்யும்? மேலேயிருந்து குளிரோடு இறக்கிவந்த மெஷினை உடனே போடாமல் ஓரிரு மணி நேரம் விடுங்கள், உள்ளே வேர்த்திருக்கும்.

கடைக்குப் போவதென்று முடிவானால்

கேபினட்டோடு ஒரு தாளையும் கொண்டுபோங்கள்: எந்த விதமாக விழுந்தது, எத்தனை நிமிடத்தில், அப்போது வெப்பம் என்ன, பவர் லிமிட்டைக் குறைத்தபோது நின்றதா, டிரைவர் எண் என்ன. கார்டின் சீரியல் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கொடுங்கள். வாரன்டி இருந்தால் ஹீட்சிங்கைத் திறக்காதீர்கள்; ஸ்க்ரூ மேல் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைச் சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, அடியில் புது ஈயக் குண்டு வைத்து ஒட்டும் 'ரீபால்' செய்து தருகிறோம் என்றால் எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள். வெறும் ஹீட் கன்னில் சூடாக்கிய கார்டு சில வாரம் ஓடிவிட்டு அதே கட்டங்களோடு திரும்பி வரும்.

செகண்ட் ஹேண்டில் வேறு கார்டு எடுப்பதாக இருந்தால், 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் 'சுரங்க' வேலை நின்ற பிறகு சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன என்பது நினைவிருக்கட்டும். சுரங்கத்தில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஃபேனும் தெர்மல் பேடும் மாற்றினால் நன்றாக ஓடுபவை உண்டு. ஜிபியு இசட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஒட்டிய போலிக் கார்டுகளில் பலவற்றை அது பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிவிடும். விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட்டு, மெமரி வெப்பத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். "அதெல்லாம் டைம் இல்லைங்க" என்றால் கிளம்பிவிடுங்கள்.